பனிநாட்டுக்குப் போகிறவர் காரை என்ன செய்வது?
வாகனக் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன: விசா வந்துவிட்டது, காரை என்ன செய்வது? இங்கிருந்து கொண்டுபோக நினைப்பவர்கள் சிலர். அங்கே ஏற்கெனவே ஓடும் காரை மாற்றுவதா என்று கேட்பவர்கள் சிலர். பூட்டிவைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*

நிரந்தர வதிவிட விசா கிடைத்து, ஒக்டோபரில் குடும்பத்தோடு ரொறன்ரோ போகிறோம். எங்களிடம் 2014 அக்குவா ஒன்று இருக்கிறது. லீசிங் முடிந்துவிட்டது. கண்போலப் பார்த்த கார். வீட்டுச் சாமானோடு கொண்டெய்னரில் ஏற்றினால் வரி இல்லை என்கிறார் ஒருவர். ஏற்றலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

வேண்டாம். உங்களுக்குச் சொன்னவர் இரண்டு சட்டங்களை ஒன்றாகக் குழப்பியிருக்கிறார். குடியேறுகிறவர் தான் பாவித்த பொருட்களை வரியின்றிக் கொண்டுவரலாம் என்பது சுங்க விதி. அந்தக் கார் கனடாத் தெருவில் ஓடலாமா என்பது வாகனப் பாதுகாப்புச் சட்டம். முதலாவதில் கிடைக்கும் சலுகைக்கும் இரண்டாவதற்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்கா, மெக்சிகோ தவிர்ந்த நாட்டிலிருந்து வரும் கார், கனடாவின் பாதுகாப்புத் தரத்துக்கென்றே தயாரிக்கப்பட்டு அதற்கான லேபலும் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தயாரித்து 15 வருடம் முடிந்திருக்க வேண்டும். கணக்கு பதிவு செய்த திகதியிலிருந்து அல்ல, தயாரித்த மாதத்திலிருந்து. அக்குவா ஜப்பானில் விற்பனைக்கு வந்ததே 2011 டிசெம்பரில். முதன்முதலில் வந்த வண்டிக்கே 2026 கடைசியில்தான் 15 வயது. உங்களுடையதற்கு 2029. இதே கார் அங்கே பிரியஸ் சீ என்ற பெயரில் விற்கப்பட்டது உண்மை. ஆனாலும் ஜப்பான் சந்தைக்குத் தயாரித்த உங்கள் வண்டிக்கு அந்த லேபல் கிடையாது, பின்னர் போய் ஒட்டவும் முடியாது. துறைமுகத்தில் மறிபட்டால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில். அமெரிக்கா போகிறவர்களுக்கு இந்த 15 வருடம் 25 ஆகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

ஆகவே விற்றுவிடுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்தபிறகும் வரி கொஞ்சமல்ல. அதனால் கொழும்பில் நன்றாகப் பார்த்த பாவித்த காருக்கு இருக்கிற மதிப்பு, பனிநாடுகளில் அதே வயதுக் காருக்குக் கிடையாது. இங்கே விற்ற காசில் அங்கே ஒரு காரும் வாங்கி, அதற்குக் குளிர்கால டயரும் போடலாம் என்பது பெரும்பாலும் நடக்கிற கதைதான்.

விற்கும்போது கவனிக்க வேண்டியவை: லீசிங் கட்டி முடித்தது போதாது. சீ.ஆர். புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில், லீசிங் கம்பனியின் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்காவிட்டால் அவர்களிடம் விடுவிப்புக் கடிதம் எடுத்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நீக்கிவிட்டே விளம்பரம் போடுங்கள். வாங்குகிறவர் 'ஓப்பன் பேப்பர்' கேட்டால் மறுத்துவிடுங்கள். கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினால், நாளைக்கு அந்தக் கார் யாரையாவது அடித்தாலும் பதிவில் இருப்பது உங்கள் பெயர். விமானத்துக்கு முந்தின வாரத்தில் விற்கிறவருடைய அவசரம் வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். ஓகஸ்டிலேயே தொடங்குங்கள். கடைசி ஒரு மாதத்துக்கு வாடகைக் கார் எடுத்தாலும் நட்டமில்லை.

காருக்குப் பதிலாக இரண்டு கடதாசி கொண்டுபோங்கள். ஒன்று, உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் எந்தத் திகதியிலிருந்து செல்லுபடியாகிறது என்று திணைக்களம் ஆங்கிலத்தில் தரும் அத்தாட்சிக் கடிதம். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் இலங்கை அனுமதிப்பத்திரத்தோடு 60 நாள் ஓடலாம். அதற்குள் எழுத்துப் பரீட்சையைச் சித்தியடைந்து, இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்தை உறுதிப்படுத்திய கடிதத்தோடு காட்டினால், படிப்படியாகக் காத்திருக்காமல் நேரே முழு அனுமதிக்கான ஓட்டச் சோதனைக்குப் போகலாம். மற்றது, நீங்கள் இழப்பீடு எதுவும் கேட்டதில்லை என்று இங்குள்ள காப்புறுதிக் கம்பனி தரும் 'நோ கிளெய்ம்' கடிதம். அதை ஏற்பதும் விடுவதும் அங்குள்ள கம்பனியின் விருப்பம். ஆனாலும் கேட்டு வாங்கி வையுங்கள், பாரமில்லை.

*

எங்களுடையது 2004 கொரோலா 121. 15 வருடம் தாண்டிவிட்டது. மொன்றியலில் அண்ணா இருக்கிறார். அப்பா வாங்கிய கார் என்பதால் விற்க மனமில்லை. இதையாவது கொண்டுபோகலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

கனடாவுக்குள் வரலாம். மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் பதிய முடியாது. வலப்பக்கச் ஸ்டியரிங் உள்ள கார் 25 வருடத்துக்குக் குறைந்ததென்றால் அந்த மாகாணம் பதிவு கொடுக்காது. உங்களுடையதற்கு 2029 வரை காத்திருக்க வேண்டும். ஒன்ராறியோவில் அந்தத் தடை இல்லை, ஆனால் வலப்பக்க ஸ்டியரிங் என்றதும் கையெடுத்துவிடும் காப்புறுதிக் கம்பனிகள் உண்டு. கப்பலுக்குக் காசு கட்டுமுன் எழுத்தில் விலை கேளுங்கள்.

பதிவு கிடைத்தாலும் கொழும்புக் கார் பனிக்குத் தயாரான கார் அல்ல. இங்கே கராஜ்களில் நடக்கும் சில வேலைகளே அதற்குக் காரணம். எஞ்சின் சூடாகிறது என்று தேர்மோஸ்ரற் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிப்பது அதுதான். இங்கே அது பெரிதாகத் தெரியாது. மைனஸ் 15 பாகையில் அந்த எஞ்சின் சூடேறவே ஏறாது. எஞ்சின் சூடேறாவிட்டால் ஹீட்டரில் வருவது குளிர்காற்று. அடுத்தது ஹீட்டர் கோர், எஞ்சின் சூட்டைக் காருக்குள் கொண்டுவரும் சிறு ரேடியேற்றர். அது ஒழுகினால் மாற்றாமல், இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து விட்டிருப்பார்கள். ஹீட்டர் பாவிக்காத ஊரில் யார் கவனிப்பது? பனிநாட்டில் ஹீட்டர் சொகுசுச் சாமான் இல்லை. முன்கண்ணாடியில் உள்ளே படியும் ஈரத்தைக் கலைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் பாதை தெரியாது. வெப்ப நாடுகளுக்கென்று தயாரித்த சில வண்டிகளில் ஹீட்டர் பூட்டப்படுவதே இல்லை. ஜப்பானிலிருந்து பாவித்து வந்தவற்றில் அந்தக் குறை இல்லை.

மூன்றாவது, ரேடியேற்றருக்குள் குழாய்த் தண்ணீர். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும். எஞ்சின் புளொக்கை வெடிக்க வைக்க அது தாராளம். கழுவி வெளியேற்றி, உறைவதைத் தடுக்கும் திரவமான கூலன்ற் பாதி, சுத்திகரித்த தண்ணீர் பாதி என்று நிரப்பினால் மைனஸ் 37 பாகை வரை தாங்கும். கூடக் கூட நல்லது என்று தண்ணீரே கலக்காமல் கூலன்றை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கூலன்றின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கோல், தண்ணீர் கலக்காவிட்டால் மைனஸ் 12, 13லேயே உறையத் தொடங்கும். 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

முன்விளக்கையும் மறக்க வேண்டாம். இடப்பக்கம் ஓடும் நாட்டுக்குச் செய்த விளக்கின் ஒளி இடது ஓரத்தை நோக்கி எழும்பும். வலப்பக்கம் ஓடும் நாட்டில் அது எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். விளக்கு முழுவதையும் மாற்ற வேண்டும். கனடாவில் விற்ற கொரோலாவின் முகமே வேறு என்பதால் அங்குள்ள விளக்கு இலகுவில் பொருந்தாது.

அப்பாவின் கார் என்றால் கொழும்பிலேயே உறவினர் ஒருவரின் பெயருக்கு மாற்றி, அவர் ஓட்டட்டும். உப்புத் தெருவில் ஐந்து மாரி ஓடி அடிப்பாகம் உக்கிப்போவதைவிட அது அந்தக் காருக்குச் செய்யும் மரியாதை.

*

மகள் வன்கூவரில் 2018 கொரோலா வைத்திருக்கிறாள். வேலை மாற்றலாகி வின்னிப்பெக் போகிறாள். முன்சில்லு மட்டும் இழுக்கிற கார் அங்கே சரிவராது, விற்றுவிட்டு நான்கு சில்லும் இழுக்கிற எஸ்.யூ.வி. வாங்க வேண்டும் என்று மருமகன் நிற்கிறார். மகளுக்குக் கடன் எடுக்க விருப்பமில்லை. யார் சரி?
– வாசகர், தெஹிவளை

மகள். ஆனால் டயருக்குச் செலவழிக்க அவர் தயாராக இருந்தால் மட்டும்.

நான்கு சில்லும் இழுப்பது கார் புறப்படுவதற்கும் ஏற்றம் ஏறுவதற்கும் உதவும். பிரேக் பிடிக்கும்போது அது ஒன்றும் செய்யாது. எந்தக் காரிலும் பிரேக் நான்கு சில்லிலும்தான் பிடிக்கிறது. நிறுத்துவதும் திருப்புவதும் டயர் றப்பரின் வேலை. சாதாரண டயரின் றப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும், மைனஸ் 20இல் பிளாஸ்ரிக் போலாகிவிடும். குளிர்கால டயரின் கலவை அந்தக் குளிரிலும் நெகிழும். அதன் பூக்களில், அதாவது நிலத்தில் படும் றப்பர்க் கட்டங்களில், வெட்டியிருக்கும் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்விக்கொள்ளும். பனிக்கு மேல் பனியே நன்றாகப் பிடிக்கும் என்பதால் இப்படிச் செய்கிறார்கள். இந்த டயர் போட்ட முன்சில்லுக் கார், சாதாரண டயரோடு வரும் எஸ்.யூ.வி.யைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும். பிந்தியது வேகமாகப் புறப்பட்டுவிடும். பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் கொண்ட அடையாளம் இருக்க வேண்டும். 'சேறும் பனியும்' என்பதைக் குறிக்கும் எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்து மட்டும் போதாது. அது பூவின் அமைப்பைச் சொல்லும் எழுத்து, சோதனை பண்ணிக் கொடுத்தது அல்ல. ஜேர்மனி 2024 ஒக்டோபரிலிருந்து அந்த எழுத்தைக் குளிர்கால டயராக ஏற்பதையே நிறுத்திவிட்டது. நான்கும் வாங்க வேண்டும். காசை மிச்சம்பிடிக்க முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டால், முன்பக்கம் பிடிக்க, பின்பக்கம் வழுக்கி, வளைவில் கார் சுழலும். நான்கிலும் சாதாரண டயர் இருப்பதைவிட ஆபத்து என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங்கில் பிடிப்பு இருப்பது போலவே தெரியும்.

மகளின் காரில் 205/55ஆர்16 இருந்தால், 195/65ஆர்15 அளவில் இரும்பு றிம்மோடு ஒரு தொகுதி வாங்கலாம். இரண்டின் மொத்த விட்டத்துக்கும் வித்தியாசம் மூன்று மில்லிமீற்றர்கூட இல்லை. ஒடுக்கமான டயர் பனியை வெட்டி இறங்கும், அகலமானது மேலே மிதக்கும். தனி றிம்மில் இருந்தால் வருடத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றிப் பூட்டும் கூலியும் மிச்சம். நட்டுகளை 103 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும். பலர் இந்த இரண்டாவது தடவையை விட்டுவிடுகிறார்கள். பூவின் ஆழம் 4 மில்லிமீற்றருக்கு இறங்கினால் அந்த டயர் அடுத்த மாரிக்கு ஆகாது. வின்னிப்பெக் இருக்கிற மனிற்றோபா மாகாணத்தின் அரச காப்புறுதி நிறுவனம் குளிர்கால டயருக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும் திட்டமொன்று வைத்திருக்கிறது. கடன் பிடிக்காத மகளுக்கும் இது ஒரு தகவல்.

காற்றழுத்தம் தனிக்கதை. 30 பாகையில் 33 பி.எஸ்.ஐ. அடித்த டயரை மைனஸ் 20இல் அளந்தால் 25தான் காட்டும். ஒழுக்கு எதுவும் இல்லை, காற்றுச் சுருங்கியிருக்கிறது. ஐந்து, ஆறு பாகைக்கு ஒரு பி.எஸ்.ஐ. குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். கார் வெளியே நின்று குளிர்ந்திருக்கும்போதே அளந்து நிரப்ப வேண்டும். சூடான கராஜுக்குள் அடித்தால் கணக்குப் பிழைக்கும்.

அடுத்தது பட்டறி. குளிரில் பட்டறி தரக்கூடிய மின் பாதிக்கும் கீழே இறங்கும் அதே நேரத்தில், தடித்த ஓயிலுக்குள் எஞ்சினைச் சுற்ற இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். மேலே சீ.சீ.ஏ. என்று போட்டிருக்கும் எண், மைனஸ் 18 பாகையில் 30 செக்கன் தொடர்ந்து தரக்கூடிய அம்பியர். அந்தக் காருக்குப் பொருந்தும் அளவுகளில் இந்த எண் கூடியதை வாங்கவேண்டும். நான்கு வருடம் தாண்டிய பட்டறி என்றால் சோதித்துப் பார்க்காமல் வின்னிப்பெக் போக வேண்டாம். சார்ஜ் இறங்கிய பட்டறிக்குள் இருக்கும் அமிலம் தண்ணீர்போலாகி மைனஸ் 10 அளவிலேயே உறைந்து கோதை வெடிக்கவைக்கும். முழுச் சார்ஜில் இருப்பது மைனஸ் 50இலும் உறையாது.

வின்னிப்பெக்கில் ஜனவரி இரவு மைனஸ் 30 என்பது செய்தியே அல்ல. அங்கே கார்களின் முன் கிறில்லிலிருந்து ஒரு பிளக் தொங்கும். அது புளொக் ஹீட்டரின் பிளக், எஞ்சின் கூலன்றைச் சூடாக்கும் சிறிய மின் சூடாக்கி அது. பெரும்பாலும் 400 வாற்றுக்கு மேற்பட்டது. வன்கூவரில் ஓடிய காரில் அநேகமாக இருக்காது, பூட்டிக்கொள்ள வேண்டும். இரவு முழுக்கப் போட்டுவைக்கத் தேவையில்லை. டைமரில் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன் போட்டால் போதும். வாடகைக்கு இடம் பார்க்கும்போது, கார் நிறுத்துமிடத்தில் பிளக் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். அறைகளின் எண்ணிக்கையைவிட அது முக்கியம்.

ஓயில்: அந்தக் கொரோலாவுக்கு 0டபிள்யூ-20. இங்கே நாம் ஊற்றிப் பழகிய 20டபிள்யூ-50 அங்கே தேன்போல நிற்கும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் சும்மா எழுதியதில்லை. 20டபிள்யூ ஓயிலை மைனஸ் 15 பாகையில் சோதிக்கிறார்கள். 10டபிள்யூ மைனஸ் 25இல், 0டபிள்யூ மைனஸ் 35இல். வைப்பர்த் தாங்கியில் வன்கூவர்த் தண்ணீர் இருந்தால் முழுவதையும் அடித்துத் தீர்த்து, மைனஸ் 40 என்று எழுதிய திரவத்தை நிரப்பி, குழாய்க்குள்ளும் அது வரும்வரை அடிக்க வேண்டும். தாங்கியில் மாற்றிவிட்டுக் குழாயை மறந்தால் குழாய் உறையும். அந்தத் திரவத்தில் மெதனோல் இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

பிறகு துரு. மருமகனிடம் இதைச் சொல்லுங்கள்: வன்கூவரில் உப்புக் குறைவு, வின்னிப்பெக்கில் பல வருடம் ஓடிய எஸ்.யூ.வி. உப்புக் குடித்திருக்கும். துருவில்லாத கொரோலாவைக் கொடுத்துவிட்டுத் துருப்பிடித்த எஸ்.யூ.வி. வாங்குவது நட்ட வியாபாரம். வாங்கத்தான் வேண்டுமென்றால் லிஃப்ற்றில் ஏற்றி, பிரேக் குழாய்கள், எஞ்சினையும் சில்லுகளையும் தாங்கும் சப்ஃபிரேம், கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுச் சட்டம், பின்சில்லு வளைவின் உட்புறம், ஸ்பெயார் சில்லுக் குழி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அடியில் புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் கவனமாக. இருக்கிற கொரோலாவுக்கு, முதல் பனிக்கு முன் வருடத்துக்கொரு முறை அடிப்பாகத்தில் துருத்தடுப்பு ஓயில் அடிப்பித்து, மாரியில் இரண்டு வாரத்துக்கொரு தடவை, குளிர் தணிந்த நாளில் அடிப்பாகம் கழுவவேண்டும். ஒவ்வொரு இரவும் சூடான கராஜுக்குள் விட்டால் கார் தப்பும் என்று நினைப்பது பிழை. பனிக்கட்டி உருகி உப்புநீராகி, சூட்டில் துரு வேகமாகப் பிடிக்கும். கொழும்பில் கடலோரமாக ஓடும் மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பயணத்தை ஒக்டோபர் 1க்கு முன் வைத்துக்கொள்வது நல்லது. அன்றிலிருந்து, வன்கூவர் இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் குறைந்தது 3.5 மில்லிமீற்றர் பூவுள்ள குளிர்கால டயர் கட்டாயம். பொலிஸ் திருப்பி அனுப்பலாம். மனிற்றோபாவில் பதிவதற்கு, வேறு மாகாணத்திலிருந்து வந்த கார் என்பதால் பரிசோதனைச் சான்றிதழ் கேட்பார்கள்.

மருமகன் சரியாகும் ஓர் இடமும் உண்டு. நகருக்கு வெளியே, பனி வழிக்க உழவு வண்டி பிந்தி வரும் பாதையில் வீடென்றால், கொரோலாவின் வயிறு தட்டும். பனி காரின் அடியைத் தொட்டால் சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பும், எந்த டயரும் உதவாது. அங்கே உயரமான கார்தான்.

*

கணவர் ஒஸ்லோவில் இருக்கிறார். அவரிடம் 2015 நிஸான் லீஃப், 24 கிலோவாற் மணி. பட்டறி 9 பார் காட்டுகிறது. வேலைக்குப் போய்வர 44 கிலோமீற்றர். நானும் பிள்ளையும் டிசெம்பரில் போய்ச் சேருகிறோம். இந்தக் கார் போதுமா?
– வாசகி, வத்தளை

லீஃப் என்ற மின்கார் கொழும்பிலும் நிறைய ஓடியதால் பாரின் கணக்கு, அதாவது பட்டறியில் மிஞ்சிய கொள்ளளவைக் காட்டும் கோடுகளின் கணக்கு, இங்குள்ளவர்களுக்குத் தெரியும். புதிதில் 12. முதல் பார் விழும்போது கொள்ளளவில் 15 சதவீதம் போயிருக்கும், அதன்பின் ஒவ்வொன்றுக்கும் ஆறேகால் சதவீதம். 9 பார் என்றால் மிஞ்சியது கிட்டத்தட்ட 72 சதவீதம். அந்த மொடலுக்கு அமெரிக்க அரச அளவீடு 135 கிலோமீற்றர். 72 சதவீதத்துக்கு ஏறத்தாழ 98. அமெரிக்க வாகனச் சங்கமான ஏஏஏ 2019இல் சோதித்தபோது, மைனஸ் 7 பாகையில் ஹீட்டர் போட்டு ஓடிய மின்கார்களின் தூரம் சராசரி 41 சதவீதம் குறைந்தது. அப்படிப் பார்த்தால் கடும் குளிர் நாளில் 58 கிலோமீற்றர். 44 ஓடி, வழியில் பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் இறக்கி, பனிப்புயலில் ஒரு மணித்தியாலம் நின்றால் முடிந்தது.

வேலையிடத்தில் சார்ஜ் பண்ண முடியுமென்றால் வைத்திருக்கலாம். முடியாதென்றால் இந்த மாரியோடு மாற்றுவதே புத்தி. வைத்திருப்பதானால்: புறப்படுமுன், பிளக்கில் இருக்கும்போதே உள்ளே சூடேற்றிவிட வேண்டும். அந்த மின் சுவரிலிருந்து வரும், பட்டறியிலிருந்து அல்ல. ஓடும்போது காற்றைச் சூடாக்குவதைக் குறைத்து, இருக்கைச் சூட்டையும் ஸ்டியரிங் சூட்டையும் பாவிக்க வேண்டும். வந்தவுடன், பட்டறி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சார்ஜுக்குப் போட வேண்டும். இரவு முழுக்கக் குளிர்ந்த லிதியம் பட்டறி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். வேகமாக ஏற்றினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து பட்டறி கெடும் என்பதால் காரே தடுத்துவிடும். லீஃபில் பட்டறிக்கு நீர்ச்சுற்று இல்லை. புதிய மின்கார்களைவிட இது குளிரில் தடுமாறுவது அதனால்தான்.

நோர்வேயில் மாரியில் பூ 3 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. ஆணி டயர் போட்டு ஒஸ்லோவுக்குள் ஓடினால் கட்டணம் உண்டு. நகருக்குள் ஆணியில்லாத குளிர்கால டயரே போதும்.

*

படிப்புக்காகப் பத்து மாதம் ஜேர்மனி போகிறேன். 2016 அக்ஸியோ ஹைபிரிட்டை பம்பலப்பிட்டி வீட்டில் விட்டுப் போகலாமா? அம்மாவுக்கு ஓடத் தெரியாது.
– வாசகர், பம்பலப்பிட்டி

பத்து மாதம் என்றால் விடலாம். ஓடத் தெரிந்த ஒருவர் வேண்டும், தம்பியோ அயலவரோ. ஹைபிரிட் பட்டறி சும்மா நின்றாலும் மெல்ல இறங்கும். இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறையாவது அரை மணித்தியாலம் ஓடச் சொல்கிறது டொயோட்டாவின் கைநூல். கடற்கரை ஈரத்துக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏசி போட்டு, 20 கிலோமீற்றர். பிரேக் டிஸ்க்கின் துருவும் அப்போதுதான் உரசிப் போகும். இடையில் 12 வோல்ற் பட்டறியின் மறை (நெகடிவ்) முனையைக் கழற்றிவிடலாம்.

ஹாண்ட் பிரேக் போட்டுப் பூட்ட வேண்டாம். உப்புக் காற்றில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரை 'பார்க்' (P) நிலையில் விட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயருக்கு வழமையைவிட ஐந்து பி.எஸ்.ஐ. கூட. தாங்கி நிறையப் பெற்றோல், ஈரம் உள்ளே படியாதிருக்க. மூடியிருக்கும் பொலித்தீன் உறை வேண்டாம், துணி உறை போதும். நிலக்கீழ் கராஜ் என்றால் மழைக்குத் தண்ணீர் ஏறுமா என்று காவலாளியிடம் கேளுங்கள். அந்த வகைக் கார்களில் ஹைபிரிட் பட்டறி பின்னிருக்கைப் பக்கம் தாழ்வாகத்தான் இருக்கிறது. எலி வயர் கடிப்பதும் இங்கே புதிதல்ல, மாதம் ஒருமுறை பொனற்றைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் முடிகிற திகதியை எழுதி ஒட்டுங்கள். புகைப் பரிசோதனை இல்லாமல் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. படிப்பு நீண்டால் விற்கவேண்டி வரலாம், அதற்காக அம்மாவின் பெயருக்கு அற்றோணித் தத்துவம் ஒன்றைப் போகுமுன் நொத்தாரிசிடம் எழுதிவையுங்கள். அங்கிருந்து தூதரகம் ஊடாகச் செய்வது அலைச்சல்.

*

காலையில் கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றலாமா? எஞ்சினை எவ்வளவு நேரம் சும்மா ஓடவிட வேண்டும்?
– பிரம்ப்ரன் புறப்படும் வாசகர், கொட்டாவ

ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம். ஏற்கெனவே கல்லடித் தழும்பு இருந்தால் ஆபத்து இன்னும் கூட. பிளாஸ்ரிக் சுரண்டி வாங்குங்கள். முதல்நாள் இரவே வைப்பர்க் கையை நிமிர்த்தி வைத்தால் அது கண்ணாடியோடு ஒட்டாது. ஒட்டிய வைப்பரை சுவிட்சில் போட்டால் மோட்டர் எரியலாம். எஞ்சின் ஒரு நிமிடம் ஓடினால் போதும், பிறகு மெதுவாக ஓட்டிச் சூடாக்குவதே விரைவு. ஆனால் கண்ணாடி முழுதும் தெளியாமல் புறப்பட வேண்டாம். கூரையில் குவிந்த பனியையும் தட்டிவிடுங்கள். முதல் பிரேக்கில் அது வழுக்கி முன்கண்ணாடியை மூடும்.